டல்சியின் நாலுபத்து

துப்பாக்கி சுடும் திடலில் மூன்றாம் நிலைக்குப் பின்னால் முழங்காலிட்டுப் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது எல்மா டுச்கே என்னைப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கிளப்புக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை என்று நம்பித்தான் வந்திருந்தேன். அவளோ சமையலறையைத் திறந்து, தண்ணீர் கொதிக்கவைத்து, தேநீர்க் குவளையோடு பின்னால் வந்து நிற்கிறாள். காலடிச் சத்தம் கேட்டிருந்தாலும் பயனில்லை, நான் எழுந்து நிற்பதற்குள் அவள் ஊருக்கே சொல்லி முடித்திருப்பாள். என் முட்டிகள் அப்படி.

"என்ன மெர்வ், கோழி ஏதாச்சும் இங்க முட்டையிட்டுட்டுப் போயிருக்கா?" என்றாள்.

சட்டைப் பை இரண்டும் புடைத்திருந்தன. பொய் சொல்ல வழியில்லை. பெர்ரிகல் கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சுட்டபின் துப்பாக்கியைத் திறந்தால் தோட்டாவின் காலிக் கூடு துள்ளி வரும். அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டால் சுட்டவருக்குச் சொந்தம், தரையைத் தொட்டுவிட்டால் கிளப்புக்குச் சொந்தம். பன்னிரண்டு போர் என்ற பெரிய துப்பாக்கியின் கூட்டை யாரும் சீந்துவதில்லை, மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். நாலுபத்து என்ற சின்னக் குழல் துப்பாக்கியின் கூடு அப்படியல்ல. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக, பார்க்க விளையாட்டுச் சாமான் போலிருக்கும் அந்தக் கூட்டுக்கு எங்கள் வட்டாரத்தில் தங்கத்தின் மவுசு, அரிதாகிவிட்ட அந்தத் தோட்டாவை அதில்தான் மறுபடி கெட்டிக்க முடியும். அதைத் தரையில் கொட்டிவிட்டுப் போகிற ஒரே ஆள் எல்மா. பல வருஷங்களுக்கு முன், விலை மலிவாக இருந்த காலத்தில், அவள் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிக்கொண்டாள். அந்தத் தைரியத்தில் காலிக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

கூடு யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. என் மனைவி டல்சிக்கு என்று அவளுக்குத் தெரியும். "என் கூட்டை வச்சே என்னை அடிக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பேரம் பேசினாள். கிளப்பின் அடுத்த போட்டி நாள் வரைக்கும் ஞாயிறுதோறும் சமையலறைப் பாத்திரங்களை நான் கழுவித் தர வேண்டும், கூடுகளை எடுத்துக்கொள்ளலாம். டல்சியிடம் மூச்சு விடக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். இருபது வருஷமாக ஒருத்தியை ஒருத்தி முந்துவதே இவர்கள் இருவருக்கும் வேலை. எல்மா தயவில் சுடுவதைவிட வெறுங்கையோடு வீட்டில் இருப்பேன் என்பாள் என் மனைவி.

வெறுங்கையோடுதான் இருந்தாள். போன வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் சமயத்தில் ஒரு கிடா முட்டித் தள்ளியதில் வலது தோள் கழன்று, ஹார்ஷம் ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. பன்னிரண்டு போரின் உதை இனி அந்தத் தோளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டல்சி அழவில்லை. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஜாச் செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேச்சு குறைந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி உறுமும் என்பதே எனக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. அவள் வாயிலிருந்து தினமும் நாலு திட்டு வாங்கிப் பழகியவனுக்கு அது பெரிய தண்டனை. தாங்கமுடியாமல் போய், பழைய இரட்டைக்குழல் நாலுபத்து ஒன்றைத் தேடி வாங்கிவந்தேன். "இது எதுக்கு, கொசு சுடவா?" என்றாள். ஆனால் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சமையலறையில் நின்று, துப்பாக்கியைத் தோளில் வைத்து, அலமாரியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெல்லக் குறி நகர்த்திக்கொண்டிருந்தாள். வெளியிலேயே நின்று காலணியை வெகுநேரம் துடைத்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நிபந்தனை வந்தது. "சின்னத் துப்பாக்கிப் போட்டி அன்னைக்கு சுட்டுப் பாக்குறேன். ஒத்து வரலேன்னா ரெண்டு துப்பாக்கியும் அன்னைக்கே கடைக்காரன் கையில போயிடும். அதுக்கப்புறம் இதப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது." டல்சி சொன்னால் சொன்னதுதான். மறுநாளே துப்பாக்கிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, போட்டிக்கு வரச்சொல்லிவிட்டாள். வாங்க ஆளும் தயாராக இருந்தது.

துப்பாக்கி வந்துவிட்டது, தோட்டா வேண்டுமே. ஹார்ஷமில் இருந்தது, விலையைக் கேட்டதும் கடைக்காரரே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்தக் காசுக்கு வானத்தில் பறக்கவிடும் மண்தட்டைச் சுடுவதற்குப் பதில் ஆட்டையே வாங்கி அடுப்பில் சுட்டுச் சாப்பிட்டுவிடலாம். அராரட்டில் இல்லை. மில்டுராவில் அடுத்த கப்பலில் வரும் என்றார்கள், எந்தக் கப்பல் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மாநில எல்லை தாண்டி பார்டர்டவுன் வரைக்கும் வண்டியை விரட்டினேன். அங்கே ஒரே ஒரு பெட்டி, கண்ணாடிக்குள்ளே நகை மாதிரி. அதை வாங்கிவந்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி, டல்சி இரண்டே நாளில் பயிற்சிக்கு அதைக் காலிசெய்துவிட்டாள். அதனால்தான் எல்மாவின் கூடுகளும் பாத்திரம் கழுவுவதும்.

பன்னிரண்டு போருக்கு வீட்டிலேயே காலிக் கூட்டில் வெடிமருந்து கெட்டிப்பது எனக்குப் பழக்கம்தான். துணி துவைக்கும் அறையில் மேடை போட்டு, கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். தீப்பொறி தரும் பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதியதைப் பதித்து, மருந்து, தக்கை, ஈய ரவை என்று வரிசையாக இறக்கி, வாயைப் பூப்போல மடித்து அழுத்தினால் தோட்டா தயார். தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று பெருமை பேசியிருக்கிறேன். நாலுபத்து அந்தப் பெருமையை ஒரே மாலையில் இறக்கிவைத்தது. எல்லாம் குறுகல். சின்ன ரவை எங்கும் கிடைக்காமல் சற்றே பருத்த ரவையைத்தான் வாங்கியிருந்தேன். அது ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து, பிரஸ்ஸில் ரவை இறங்கும் குழாயின் நடுவிலேயே நின்றுவிடும். கூடு நிறைந்துவிட்டது என்று நினைத்து மடித்துவிட்டால், உள்ளே ரவையே இருக்காது. எனவே ஒவ்வொரு இழுப்புக்கும் ஜாம் கிளறும் மரக்கரண்டியால் குழாயை ஒரு தட்டு, சரசரவென்று இறங்கும் சத்தம், பிறகுதான் அடுத்த வேலை. தட்டு, கேள், மடி. மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டேன். எங்கேயும் பிசகவில்லை, போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மதியம் வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர்க் கால்பந்து அணி பக்கத்து ஊரோடு ஆடியது, கோல்கள் குவியும் ஆஸ்திரேலியக் கால்பந்து. இரண்டு வருஷமாக ஒரு ஆட்டமும் ஜெயிக்காத பிள்ளைகள். பழக்கதோஷத்தில் வானொலியைப் போட்டேன், தோற்பதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது எனக்குச் சிரமமில்லை. அன்றைக்குப் பார்த்துப் பிற்பாதியில் பயல்களுக்கு என்ன வந்ததோ, கோல்மேல் கோல் அடித்து ஜெயித்தே விட்டார்கள். இரவு நான் டல்சியிடம் பெருமையாகத் தோட்டாக்களைக் காட்டினேன். அவள் ஒன்றை எடுத்து மடிப்பைத் தடவிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள். எங்கள் வீட்டில் அது பதக்கத்துக்குச் சமம்.

போட்டி நாள் காலை வெயில் இதமாக இருந்தது. டல்சி முதல் இரண்டு நிலைகளில் எல்லாத் தட்டுகளையும் உடைத்தாள். துப்பாக்கி அவள் தோளில் ஒரு செல்லத் தட்டுத் தட்டியதே தவிர உதைக்கவில்லை. மூன்றாம் நிலையில், தட்டு பறந்துகொண்டிருக்க, 'புஸ்' என்று ஒரு சத்தம். சோடா பாட்டில் திறந்த மாதிரி. நடுவரான ஆர்ச்சி உடனே கையைத் தூக்கினார். டல்சியும் பழைய ஆள், துப்பாக்கியைத் திறந்து குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கீழ்க்குழல் இருட்டாக இருந்தது. தக்கை நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது. பார்க்காமல் அடுத்ததைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வெடித்துக் கை போயிருக்கும். ஆர்ச்சி கம்பியால் தக்கையைத் தள்ளி எடுத்து, மறுபடி சுட அனுமதித்தார். ஐந்தாம் நிலையில் இன்னொரு 'புஸ்'. மறுபடி கம்பி, மறுபடி தக்கை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு இப்படி ஆனால் தப்பிய தட்டாகத்தான் எழுதுவேன் என்று ஆர்ச்சி தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். டல்சி என்னைப் பார்க்கவில்லை. வேலியோரம் கடைக்காரர் தன் காரில் சாய்ந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

இடைவேளையில் கிளப் சமையலறையில் நான் பாத்திரத் தொட்டியருகே போய் நின்றுகொண்டேன், பழகிய இடம். எல்மா கடைத்தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து டல்சிக்கு முன்னால் வைத்தாள். அன்றைக்கு முன்னணியில் இருந்தவளே எல்மாதான். "எடுத்துக்க. உன்ன ஜெயிக்கணும், இவன் தோட்டாவ இல்ல" என்றாள். டல்சி பெட்டியைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "நேத்து மத்தியானம் நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

வானொலி கேட்டதைச் சொன்னேன். ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு கையையும் தூக்கிக் கூத்தாடினேன் என்பதையும், அப்போது கையிலிருந்த கரண்டி குழாயைத் தட்டியதா இல்லையா என்று எனக்கு நினைவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது. எல்மா அதற்குள் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு நிறுக்கும் தராசைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டாள். "ரவை இல்லேன்னா எடை குறையும்ல, கொண்டா எல்லாத்தையும்." அவ்வளவுதான். எல்லாரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். ஜாமும் கிரீமும் ஒருபக்கம், தோட்டா மறுபக்கம். எல்மா ஒவ்வொன்றாக வைக்க, ஆர்ச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முள்ளைப் பார்க்க, கனமானது ஒரு தட்டுக்கும் லேசானது ஒரு கிண்ணத்துக்கும் போனது. கடைசியில் கிண்ணத்தில் ஏழு கிடந்தது. ஆர்ச்சி தாடையைத் தேய்த்தார்.

"நேத்து பிற்பாதியில நம்ம பசங்க எத்தன கோல் போட்டாங்க, மெர்வ்?"

"ஒம்போது" என்றேன்.

காலையில் 'புஸ்' ஆனது இரண்டு. யாரும் கூட்டிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. முதலில் சிரித்தது டல்சி. தோளை இடதுகையால் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கிடா முட்டியதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. சமையலறை முழுக்கச் சிரித்தது, கிளப்பில் காதே கேட்காத ஆள்கூடச் சிரித்தார். நல்லவேளை பசங்க பத்தாவது கோலைத் தவறவிட்டாங்க என்றாள் எல்மா. எனக்கு அவமானமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் என் மனைவியின் சிரிப்புக்காக என்றால் இன்னும் ஒன்பது கோலுக்கும் அப்படியே கையைத் தூக்குவேன்.

டல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்மாவின் பெட்டியை அவள் பக்கமே தள்ளிவைத்தாள். கனத்த தோட்டாக்கள் இருந்த தட்டை எடுத்து என் சட்டைப் பையில் கவிழ்த்தாள். "நட, கிழவா" என்றாள்.

பிற்பகல் சுற்றில் எத்தனை உடைந்தது, எத்தனை தப்பியது என்று நான் எண்ணவில்லை. நான்காம் நிலையில் ஒன்று தப்பியது, அது தோட்டாவின் குற்றமில்லை என்று அவளே சொன்னாள். மற்றபடி ஒவ்வொரு தடவையும் பட்டென்ற நல்ல சத்தம், தூரத்தில் ஆரஞ்சுப் பொடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. கடைசி நிலையில் தட்டு நேராகத் தலைக்குமேல் வரும், கண்மூடித் திறப்பதற்குள் சுட வேண்டும். அவள் குரல் கொடுத்தாள், சுட்டாள், துண்டுகள் எங்கள் தொப்பிகள்மேல் ஆலங்கட்டி போலக் கொட்டின. அவள் தொப்பியைத் தட்டிவிடவில்லை.

எல்லாரும் கட்டிடத்துப் பக்கம் போய்விட்டார்கள். முடிவுகளை வாசிக்க ஆர்ச்சி தொண்டையைச் செருமுவது ஒலிபெருக்கியில் கேட்டது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடியபடி புல்வெளியைக் கடந்து எங்களை நோக்கி வந்தார். டல்சியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் தட்டு வரும் கோபுரத்தைப் பார்த்தபடி, திறந்த துப்பாக்கியை முழங்கையில் போட்டுக்கொண்டு நின்றாள். எல்மா ஒலிபெருக்கிப் பக்கம் போகாமல், மாவு ஒட்டிய ஏப்ரனோடு தட்டைப் பறக்கவிடும் பொத்தான் பெட்டிக்கு வந்து, சுடுகிறார்கள் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடியை, இறக்கியிருந்ததை மறுபடி ஏற்றினாள். அப்போது டல்சி, யாரையும் திரும்பிப் பார்க்காமலே, உள்ளங்கையை விரித்து, தோட்டா மிச்சமிருந்த என் சட்டைப் பையின் பக்கம் நீட்டினாள்.