டல்சி சக் வாங்கிய கதை

இந்த ஈஸ்டருக்கு ஸ்கோன் ரொட்டி சுடப் போவதில்லை என்று டல்சி பாஸ்கோ அறிவித்தது பிப்ரவரி மாதக் கூட்டத்தில். ஏதோ வாய் தவறிச் சொன்னதல்ல. கையில் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ஈஸ்டர் அன்று தேநீர்க் கொட்டகையில் அவளைத் தேட வேண்டாம், அவள் தண்டவாளத்தில் இருப்பாள், தன் கையால் செய்த நீராவி எஞ்ஜினைத் தானே ஓட்டுவாள்.

காடினா குட்டி ரயில் சங்கத்துக்காரர்கள் கடித்த ஸ்கோனைக் கீழே வைத்தார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எஞ்ஜினா, டல்சியின் ஸ்கோனா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து போடுகிற தீத்தடை முடிந்து நிலக்கரி மூட்டலாம் என்றானதும் வருகிற முதல் ஓட்டம் ஈஸ்டர் ஓட்டம். வல்லரூ, மூண்டா என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் வந்து முழங்கால் உயரப் பெட்டிகளில் கால் பரப்பி உட்கார்ந்து சுற்றி வருவார்கள். பெற்றவர்கள் நேராகக் கொட்டகைக்குப் போய், சூடான ஸ்கோனைப் பிளந்து, அத்திப்பழ ஜாமையும் கிரீமையும் அப்பித் தின்பார்கள். முப்பது வருஷமாக அந்தக் கொட்டகை டல்சியுடையது. அதன் ஜன்னல் வழியாகத்தான் முப்பது வருஷமாக அவள் மற்றவர்கள் எஞ்ஜின் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இரும்பைச் செதுக்கித் துளை போடுகிற ஒரு சின்ன மில்லிங் மெஷினை வாங்கி, கணவன் ரெக்ஸின் நண்டு வலைகளை வெளியே தள்ளிவிட்டுக் கராஜில் நிறுத்தினாள். ரெக்ஸுக்கு மெஷின்கள் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் வீட்டில் சண்டை இல்லை.

சக்கரம், கொதிகலன், புகைபோக்கி எல்லாம் தயார். சிலிண்டர் மட்டும் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. டிரில்லைப் பிடித்துக்கொள்கிற வாய்தான் சக். மெஷினோடு இலவசமாக வந்தது பேருக்குத்தான் சக். டிரில்லைக் கவ்வ வைத்துச் சுழற்றினால் அதன் நுனி பாட்டுக் கேட்டுத் தலையாட்டுகிற ஆள் போல ஆடும். அந்த ஆட்டத்தோடு நீராவி போகும் துளையைப் போட்டாள் டல்சி. துளை கோணிக்கொண்டு போய் சிலிண்டரின் உள்சுவரைத் துளைத்துவிட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சிலிண்டர் வார்ப்பு ஒரு நொடியில் வெறும் இரும்புக்கட்டி. இன்னும் ஒரே ஒரு வார்ப்புதான் இருந்தது. அதுவும் போனால் அடுத்தது வந்து சேரக் கிறிஸ்துமஸ் ஆகிவிடும். ஆட்டமில்லாத ஒரு சக் கிடைத்தால் தண்டவாளம், கிடைக்காவிட்டால் மறுபடியும் ஏப்ரன். விஷயம் அவ்வளவுதான்.

ஆளாளுக்கு ஆலோசனை சொன்னார்கள். அதில் பெரிய ஆலோசனை சங்கத் தலைவர் கிளெம் ட்ரெனெரியுடையது. எஞ்ஜின்களைச் சோதித்து ஓடலாம் என்று அனுமதி தருகிறவரும் அவரே. வாங்கினால் உசத்தியான சக்கை வாங்கு, இல்லையென்றால் வாங்காதே, பணம் சேர்ந்த பிறகு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்ன உசத்தியான சக்கின் விலை டல்சியின் மெஷின் விலையில் பாதி. அதைச் சொல்லும்போது அவர் வாயில் ஸ்கோன் வேறு இருந்தது. அடுத்த வருஷம் என்ற வார்த்தை எங்கேயிருந்து வருகிறது என்று டல்சிக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் இன்னொரு ஸ்கோனை அவர் தட்டில் வைத்தாள். பழக்கதோஷம்.

மார்ச் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கோதுமைப் பண்ணையைக் காலி செய்து ஏலம் விட்டார்கள். டல்சி ரெக்ஸையும் இழுத்துக்கொண்டு போனாள். கைப்பையில் மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, பழைய பிரின்டர் ஒன்றிலிருந்து உருவிய எஃகுத் தண்டு. அந்தத் தண்டைப் போல் நேரான பொருளை அந்த வட்டாரத்தில் யாரும் இனாமாகத் தர மாட்டார்கள்.

பண்ணைக் கொட்டகையில் ஒரு மேஜைமேல் இரண்டு சக்குகள் இருந்தன. ஒன்று தனியாக, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பெரியது, பளபளப்பானது, கையால் திருகினாலே இறுகிக்கொள்ளும் வகை. இன்னொன்று துருப்பிடித்த கதவுக் கீல்கள் நிறைந்த பெட்டிக்குள், பழைய கிரீஸ் அப்பிக் கிடந்தது. குட்டையானது. இறுக்குகிற சாவியும் இல்லை. சாவி இல்லாத சக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டல்சி பார்த்தாள். சக் தொலைந்துபோன சாவிகள் அவள் மேஜை இழுப்பறையில் நாலைந்து உருண்டுகொண்டிருந்தன.

பக்கத்திலேயே பழைய கடை ஒன்றின் கண்ணாடி மேஜையும் ஏலத்துக்கு நின்றது. தண்டைப் பளபள சக்கில் மாட்டி, தண்டை மட்டும் கண்ணாடிமேல் கிடத்தி, சக் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்து மெல்ல உருட்டினாள். சக் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. அடுத்து கிரீஸ் அப்பிய குட்டையில் தண்டை மாட்டி, விரலால் முடிந்தமட்டும் இறுக்கி உருட்டினாள். அது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு போனது. இன்னொரு நல்ல விஷயமும் இருந்தது. அவள் மெஷின் குள்ளமானது. பெரிய சக்கை மாட்டினால் அதற்கும் மேஜைக்கும் நடுவே வார்ப்பை வைக்கவே இடம் இருக்காது. விலை, உயரம், நேர்மை மூன்றிலும் குட்டைதான் பொருத்தம்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே கிளெம். தொப்பிக்குக் கீழே இரண்டு கண்களும் அவள் கையில்தான் இருந்தன.

பண்ணை ஏலத்தில் பிடித்த பொருளைப் பிடித்த மாதிரி பார்க்கக் கூடாது என்பது அங்கே பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அதுவும் தன்னைக் கொட்டகையிலேயே வைத்திருக்கப் பார்க்கிற கிளெமின் எதிரில் கூடவே கூடாது. டல்சி சட்டென்று சுதாரித்தாள். குட்டையைக் கீல்களுக்கு அடியில் தூக்கிப் போட்டு முகத்தைச் சுளித்தாள். பளபளப்பை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு பெருமூச்சும் விட்டாள், அது கொஞ்சம் அதிகம்தான். ரெக்ஸ் அருகே வந்து, “இதானே ஆடுதுன்னு சொன்ன?” என்று ஆரம்பித்தார். டல்சி அவர் காலை மிதித்தாள். ரெக்ஸ் நண்டு பிடிக்கிறவர், கடி வாங்கிப் பழக்கம். பேசாமல் இருந்துகொண்டார்.

ஏலம் தொடங்கியது. பளபள சக் வந்ததும் டல்சி பேருக்கு இரண்டு தடவை கை தூக்கினாள். மூன்றாவது தடவை கிளெம் தூக்கினார். வெளியூர் மெக்கானிக் ஒருவர் போட்டிக்கு வந்தார். கிளெம் விடவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது, கிளெமின் காதும் சிவந்துகொண்டே போனது. கடைசியில் சக் அவருக்கே விழுந்தது. ஸ்கோனுக்காக மனுஷன் சொத்தையே அழிப்பார் போலிருக்கிறதே என்று டல்சி உள்ளுக்குள் கொக்கரித்தாள். கீல் பெட்டி வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏலக்காரர் கெஞ்சினார். போனால் போகிறது என்ற முகத்தோடு டல்சி பத்து டாலர் சொன்னாள். அவர் நன்றிக்கு இன்னொரு கீல் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கிளெம் வந்தார். பளபள சக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

“வச்சுக்கம்மா. அது மேல நீ வச்ச ஆசையைப் பாத்தேன். அந்த மெக்கானிக் கிட்ட போயிடுமோன்னு பயந்துட்டேன்.”

டல்சிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போக மனசு வரவில்லை. ஒரு நல்ல மனுஷனை நடுச்சந்தையில் ஏமாற்றிவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னாள். கண்ணாடியில் உருட்டியது, கீலுக்கு அடியில் ஒளித்தது, பெருமூச்சு உட்பட. கிளெம் அசையாமல் கேட்டார். பிறகு அவள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“ஆடுற சக்கையா என் தலைல கட்டுன? சண்டாளி.”

“நீ ஸ்கோனுக்காக என்னை மடக்கப் பாக்குறேன்னு நெனச்சேன், கிளெம்.”

“நெனச்சதுல தப்பில்ல. இந்த மாசக் கூட்டம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நீ அந்த ஓட்டை சிலிண்டரைக் கூட்டத்துக்குக் கொண்டாந்தியே. அதைக் கையில வச்சுக்கிட்டே எங்களுக்கெல்லாம் டீ ஊத்துன. அன்னைக்கு ஸ்கோன் தொண்டைல எறங்கல.”

டல்சி பளபள சக்கை அவர் மடியில் திருப்பி வைத்தாள். குட்டைச் சக்கை எடுத்து அவரிடம் பார்க்கக் கொடுத்தாள். கிளெம் சட்டையிலேயே கிரீஸைத் துடைத்தார், தாடைகளைத் திறந்து மூடிப் பார்த்தார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “பத்து டாலரா?” என்று மட்டும் கேட்டார். குரலில் இருந்த வயிற்றெரிச்சல் டல்சிக்குத் தேனாக இனித்தது.

அடுத்த வாரம் குட்டைச் சக்கை இழுப்பறைச் சாவி ஒன்றால் இறுக்கி, கடைசி வார்ப்பை மெஷினில் கட்டினாள். ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வைத்துப் பார்த்தால் முள் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். ரெக்ஸை வெளியே போகச் சொன்னாள், அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். துளை நேராகப் போய், போக வேண்டிய இடத்தில் திறந்தது. அவள் போட்ட கூச்சலில் ரெக்ஸ் ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்று மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். வந்தவரைப் பிடித்து எண்ணெய்க் கையோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

கிளெம் தன் சக்கை வீணாக்கவில்லை. தன் பழைய டிரில்லிங் மெஷினில் அதை மாட்டி, அதில் ஒரு முட்டை அடிக்கிற கம்பியைச் செருகி, ஈஸ்டர் ஸ்கோனுக்கு மாவு கலக்கினார். அந்த ஆட்டத்துக்கு மாவு பிரமாதமாகக் கலங்குகிறது என்று சங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்கோன் மாவை அவ்வளவு கலக்கினால் கல்லாகிவிடுமா என்று டல்சியிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் கொட்டகைக்குக் கூப்பிட்டுவிடுவார்களே.

ஈஸ்டர் அன்று காலை கிளெம் சோதித்தார். அழுத்தம் பார்த்தார், பிரேக் பார்த்தார், குனிந்து சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். ஓடலாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

டல்சி எஞ்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ரெக்ஸ், முழங்கால் இரண்டும் காதைத் தொட. அவருக்குப் பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். நெம்புகோலை மெல்ல இழுத்தாள். எஞ்ஜின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை, பிறகு சீராக மூச்சுவிட்டுக்கொண்டு கிளம்பியது. மிளகு மரத்தடி வளைவு வந்தது, சின்னப் பாலம் வந்தது, புகை முகத்தில் அடித்தது. டல்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையையும்தான்.

வளைவு திரும்பியபோது கொட்டகை ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. கிளெம் மாவுக் கையோடு வேலி வரைக்கும் ஓடிவந்து நின்றார்.

“டல்சி, அடுப்பு புகையுது. ஒரு நிமிஷம் எறங்கி வந்து பாத்துட்டுப் போயேன்.”

ரெக்ஸ் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார். “கூப்புடுறாங்க.”

“கேக்குது” என்றாள் டல்சி. விசிலின் சங்கிலியை இழுத்து, காடினா முழுக்கக் கேட்கும்படி ஊதவிட்டு, அடுத்த சுற்றுக்குப் போனாள்.