மடைப்பள்ளி வாசலில் ஒரு மெசேஜ்

கிரிதருக்கு வயது இருபத்தாறு. வேலை பெங்களூரில். அந்தப் புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு அவன் நின்றுகொண்டிருந்தது திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியின் பின்வாசலில், நிலைப்படிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவன் அப்பா நாராயணசுவாமி உச்சிக்கால நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். ஈரவேட்டியோடு மடியாக இருந்தார். பொங்கல் சந்நிதிக்குப் போகிறவரை யாரையும் தொடமாட்டார், எதையும் தொடமாட்டார். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் மகனையும் அவன் கையிலிருந்த போனையும் கேட்கவே வேண்டாம்.

போன் வாங்கிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. 2009-இல் அவன் ஆபீஸில் பாதிப் பேர் அந்த மாதிரிக்கு மாறியிருந்தார்கள். மேலே ஸ்கிரீன், கீழே ஏ முதல் இசட் வரை தனித்தனிக் கட்டை, ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. பழைய போனில் ஓர் எழுத்துக்கு ஒரே பொத்தானை நாலு தடவை அமுக்கியவனுக்கு இதில் இரண்டு கட்டைவிரலும் தானாக ஓடின. எண் போடத்தான் தடுமாறுவான். அதற்கு ஓரத்துக் கட்டை ஒன்றைச் சேர்த்துப் பிடிக்கவேண்டும். அதை மறந்து முதல் இரண்டு நாள் நம்பருக்குப் பதில் எழுத்தாகவே அடித்துக்கொண்டிருந்தான்.

விறகு கொண்டுவந்து போட்ட எல்லப்பன் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா சின்ன சாமி, கால்குலேட்டரா?"

"போன்தான் எல்லப்பா."

"போனா? இத்தினி கட்டை வச்சிகினு கீது? பேசறதுக்கு வாய் ஒண்ணு போதாதா?"

"மெசேஜ் அடிக்கறதுக்கு."

"ஆங்... பேசாதவங்க வாங்கறது" என்று சொல்லிவிட்டு எல்லப்பன் அங்கேயே குந்தி விறகைப் பிளக்க ஆரம்பித்தார்.

பேசியிருக்கலாம்தான். ஆனால் மலையின் அந்தப் பக்கத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் 'ஹலோ'வோடு அறுந்துபோனது. மெசேஜ் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

சேரவேண்டிய இடம் சித்தூர். தங்கை ஸ்னேகாவுக்குப் பார்த்திருந்த வரன் ஸ்ரீகுமாரின் வீடு. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பையனுக்குப் பிடித்து, எல்லாம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா வரதராஜன் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார்: பெண் வேலையை விட்டுவிட வேண்டும். சரி என்றால் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள், ராகுகாலம் பிறப்பதற்கு முன், தகவல் வரவேண்டும். அவர் ஆபீஸில் இருப்பார். போன் வீட்டில் இருக்கும், யாராவது பார்த்துச் சொல்வார்கள்.

ஸ்னேகா அரக்கோணத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்த்தாள். காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கிரிதரிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "அண்ணா, வேலையை விடறேன்னு மட்டும் எழுதிடாதே. அப்பாகிட்ட நானே சொல்லலாம்னு வாயைத் தொறந்தா அழுகை வந்துடறது. நீ சொல்லிடு."

சொல்லியிருக்க வேண்டும். அப்பா குளிக்கப் போகுமுன் சொல்லியிருக்க வேண்டும். படியேறும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே மணி பதினொன்றேகால் ஆகிவிட்டது.

"மணி என்னடா?" என்றார் நாராயணசுவாமி, உருளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பதினொண்ணு இருபது."

"சரி, சொல்றேன், அடிச்சுக்கோ. 'க்ஷேமம். தங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். குழந்தை வேலையை விட்டுவிடுவாள். மேற்கொண்டு நாள் பார்க்கலாம்.' அவ்வளவுதான்."

கிரிதர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தான். க்ஷேமம் வந்தது. தங்கள் நிபந்தனை வந்தது. அதற்குமேல் கட்டைவிரல் நின்றது. பிறகு ஓட ஆரம்பித்தது. வேலையை விட அவளுக்கு மனசில்லை, சித்தூரிலேயே ஏதாவது லேபில் சேர்ந்துவிடுவாள், வீட்டு வேலைக்கு ஒரு குறையும் வராது, அம்மா அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பெரிய மனசு பண்ணுங்கள்... எழுத எழுத எழுதவேண்டியது கூடிக்கொண்டே போனது.

போனின் சத்தத்தை அவன் அணைத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் கட்டைகளுக்கென்று ஒரு சத்தம் இருந்தது. டிக் டிக் டிக்கென்று, கருங்கல் சுவரில் பட்டுத் திரும்பியது.

நெய் பேசுவதைக் கேட்டே முந்திரி சிவந்ததா இல்லையா என்று சொல்கிற காது நாராயணசுவாமிக்கு. கரண்டி நின்றது.

"நான் சொன்னது நாலு வரி. நீ என்ன ஸ்தலபுராணமா அடிக்கறே?"

"இல்லப்பா... தப்பு வந்துடுத்து. திருத்தறேன்."

"படி."

கிரிதர் படித்தான். "க்ஷேமம். தங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். குழந்தை வேலையை..." அப்பா சொன்னதையே ஒப்பித்தான். ஸ்கிரீனில் அது இல்லை.

"அவ்வளவுக்கா இவ்வளவு நேரம்?"

"சாமி, நான் ஒரு கட்டையே பொளந்துட்டேன்" என்றார் எல்லப்பன் கோடாலியை ஊன்றிக்கொண்டு. "தம்பி இன்னும் தட்டிகினே கீறாரு."

"நீ சும்மா இரு எல்லப்பா. கிரி, மறுபடியும் அடி. நான் கேக்கறேன்."

கிரிதர் அடிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாய்க்கு வந்த வரிசையில் எல்லாவற்றையும் சொன்னான்: செருப்பு மாட்டிக்கொண்டு அவள் சொன்னது, அழுகை வருகிறது என்றது, அவன் மாற்றி எழுதியது.

நாராயணசுவாமி நிலைப்படிவரை வந்தார். வலது கையை நீட்டினார். போனை வாங்கிவிடப் போகிறார் என்று கிரிதர் பின்னால் நகர்ந்தான். வாங்கினால் மறுபடி குளிக்கவேண்டும், உச்சிக்காலம் தப்பிவிடும். கை காற்றில் ஒரு நிமிஷம் நின்றது. உள்ளே பொங்கல் அடிபிடிக்கிற வாசனை லேசாக வர, அவர் ஓடிப்போய்க் கரண்டியைப் பிடித்தார்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அழி."

கிரிதர் அழிக்கிற கட்டையை அமுக்கிப் பிடித்தான்.

"என்ன, ஒரே ஒரு சத்தந்தான் வந்தது?"

"அழிக்கறதுக்கு ஒண்ணு போறும்பா. புடிச்சுண்டே இருந்தா எல்லாம் போயிடும்."

"நன்னாருக்கு." அப்பா நாலு சுற்றுக் கிண்டினார். முகத்தில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. "உன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட வந்தா மட்டும் அழுகையாக்கும். நான் என்ன புலியா, கரடியா?"

"கோச்சுக்காதீங்கோப்பா."

"பதினேழு ஜாதகம் பார்த்தாச்சு. இது ஒண்ணுதான் குதிர்ந்தது. அது போச்சுன்னா உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது? நீயா? நீ நாளைக்கு ரயிலேறிடுவே."

கிரிதர் போனில் நேரம் பார்த்தான். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. அதை மட்டும் சொன்னான்.

"தெரியும்." நெய்யை ஊற்றினார். அது அடங்குகிறவரை கிண்டினார். "அவ சொல்லவேண்டியதை நீ ஏன்டா சொல்றே? அவா அவகிட்ட கேக்கவேண்டியதுக்கு நான் ஏன் தலையாட்டறேன்? நடுவுல நமக்கென்ன தரகு? அடி. நான் சொல்றதை மட்டும் அடி. ஒரு எழுத்து கூட அடிச்சே, எனக்குக் கேக்கும்."

அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, டிக் டிக் நிற்கிறவரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். ஓரிடத்தில் 'வெட்கமாயிருக்கிறது' என்று சொல்லி, வேண்டாம் எடு என்றார். எல்லப்பன் கோடாலியைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"படி."

கிரிதர் இந்தத் தடவை படித்ததும், அப்பா தலையாட்டியபின் பன்னிரண்டுக்கு முன்னாலேயே அனுப்பியதும் ஸ்கிரீனில் இருந்ததைத்தான்:

'திருத்தணி நாராயணசுவாமி சொல்லச் சொல்லப் பிள்ளை கிரிதர் அடிப்பது. க்ஷேமம். குழந்தை ஸ்னேகாவுக்கு வேலையை விட இஷ்டமில்லையாம். இன்றைக்குத்தான் எனக்கே தெரியும். சம்மதம் என்று நான் பொய் சொல்லக்கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். இந்தப் போனை உங்கள் வீட்டில் யார் பார்த்தாலும் சரி, முடிவு சொல்வதற்கு முன்னால் தயவுசெய்து அவளோடு ஒரு தடவை பேசுங்கள்.'