வாயு மேலே ஏறும்

1

இப்போதெல்லாம் ஒரு காரியம் நடந்தால், அங்கே இருந்தவனைத் தவிர ஊரே வாய் திறக்கிறது. எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். தையற்கடைக்காரர் ஒரு விதமாகச் சொல்வார். அன்று அவர் கடையே திறக்கவில்லை. எதிர்வீட்டம்மா புகையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். புகையே வரவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. கோணல் இருந்தால் நீங்களே நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

‘நான்’ என்று நாலு தடவை எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. ஆகவே ‘அவர்’ என்று போடுகிறேன். அவர் ரொட்டி சுடும் பேக்கரிக்காரர்.

2

முதல் தொடக்கம்: குழாய் எரிவாயு வந்த அன்று வானம் இருண்டு

[பொய். நல்ல வெயில்.]

இரண்டாம் தொடக்கம்: பேக்கரிக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம். சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்துத்தான் இறக்குவார். அப்படிப்பட்டவர், மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஒன்றை எந்தத் தராசில் வைப்பார்? மனைவிதான் பிடித்த பிடியில் நின்றாள்.

"சிலிண்டரத் தூக்கித் தூக்கி என் தம்பி இடுப்பு போச்சு. குழாய் வரட்டும்."

அந்தத் தம்பி, அதாவது மச்சினன், மாவு பிசைகிறவன். பூனை என்றுதான் கூப்பிடுவோம் [கூப்பிடுவார்கள்]. விடியுமுன் பிசைந்து போட்டுவிட்டு, பகலில் அடுப்புக்கு மேலே பரணில் சுருண்டு தூங்குவான். அங்கேதான் கதகதப்பு.

3

குழாய்க்காரர் வந்தார். சுவரோடு குழாய் ஓட்டி, வாசலில் மீட்டரும் வால்வும் வைத்து, கூரையை ஒட்டி இரண்டு ஓட்டை போட்டார்.

"ஓட்டை எதுக்கு தம்பி? நான் என்ன கிளியா வளக்குறேன்?"

"பெரியவரே, சிலிண்டர் கேஸ் கசிஞ்சா தரையில படியும். இது மேல ஏறும். வெளிய போக வழி வேணும்ல? அடைச்சிடாதீங்க. அடுப்புத் திருகையும் கழட்டிப் பாத்துடறேன்."

"அடுப்பு என் பொறுப்பு. நீங்க குழாயோட நில்லுங்க."

(நடுவில் ஒரு குறிப்பு. முப்பது வருடமாக அவர் மூடியதெல்லாம் சிலிண்டரின் வாயைத்தான்; வாசல் வால்வை மூடும் பழக்கம் இன்னும் வரவில்லை. அடுப்புத் திருகு உள்ளே தேய்ந்து, மூடினாலும் முழுசாக மூடாமல் கிடந்தது. அது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்காவது முன்பே தெரிந்திருக்கட்டும்.)

மறுநாள் மாவு எழும்பவில்லை. ஓட்டை வழியே குளிர்காற்று. ரொட்டி செங்கல்லாக வந்தது. பேக்கரிக்காரன் எதைப் பொறுத்தாலும் எழும்பாத மாவைப் பொறுக்கமாட்டான். ஏணி போட்டு ஏறி, இரண்டு ஓட்டையிலும் மாவுச் சாக்கைத் திணித்தார். அதற்கடுத்த நாள் மாவு பொங்கியது. "பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

4

இனி எழுதப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நான்காம் நாள், பிற்பகல். இரண்டாம் சுற்றுக்குத் தட்டுகளை அடுக்கியாயிற்று. வாசலிலிருந்து உள்ளே வந்த மனைவி நின்றாள்.

"என்னங்க, வாடை வருது."

பேக்கரிக்காரர் மண்டியிட்டார். கன்னம் தரையில் படக் குனிந்து மோந்தார். சிலிண்டர் காலத்துப் பழக்கம். ஈரச் சாக்கு, சிந்திய மாவு, எலிப்புழுக்கை. வேறொன்றுமில்லை.

"கீழ ஒண்ணுமில்ல. உனக்கு மூக்கு நீளம்."

"நான் நிக்கிற எடத்துல வருது. நீங்க எதுக்குப் படுத்துக்கிட்டு மோந்து பாக்குறீங்க?"

எழுந்தார். லைட்டர் கையில். கட்டைவிரல் அதன் மேல்.

"பூனை, எறங்கி வாடா. தட்ட உள்ள தள்ளணும்."

பதில் இல்லை. எப்போதும் முனகிக்கொண்டாவது பதில் சொல்வான். பரண் விளிம்பில் அவன் கை தொங்கியது. விரல் அசையவில்லை. அப்போதுதான் குழாய்க்காரர் சொன்னது உறைத்தது. இது மேல ஏறும். சாக்கு, கூரை, பரண், பையன். கட்டைவிரல்

[இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை. கிடக்கட்டும்.]

5

தெரு சொல்லும் முடிவில் கூரை பறந்தது. கூரை அங்கேயேதான் இருக்கிறது, வந்து பாருங்கள்.

மனைவி எல்லோரிடமும் சொல்லும் முடிவில், அவர் ஓடிப்போய் வால்வை மூடினார், ஏணியில் தாவினார், சாக்கைப் பிடுங்கினார், மச்சினனைத் தோளில் போட்டு இறக்கினார். அவள் நல்லவள்.

நடந்தது இது. அவர் நட்ட கல்லாக நின்றார். விறைத்துப்போன அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரைப் பிடுங்கியவள் அவள். வால்வை மூடியவளும், ஏணியில் ஏறியவளும், தம்பியைச் சுமந்து இறக்கியவளும் அவளே. அவர் ஏணியைக்கூடப் பிடிக்கவில்லை.

வாசலில் கிடத்தித் தண்ணீர் தெளித்தோம். [‘தெளித்தார்கள்’ என்று திருத்தப் போனேன். வேண்டாம், இருக்கட்டும்.] வெகுநேரம் கழித்துப் பூனை கண் திறந்தான்.

"தலை பொளக்குது மாமா. மாவு எழும்பிடுச்சா?"

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குழாய்க்காரர் மறுபடி வந்துவிட்டார். புதுத் திருகு போட்டார். ஓட்டைகளில் சாக்கு நுழையாதபடி இரும்புத் தகடு அடித்தார். கசிவு பார்க்கும் ஒரு கருவியைக் கூரையோரம் நீட்டிக் காட்டினார்.

"ஊசி அசையல பாருங்க. தாராளமாப் பத்த வைங்க பெரியவரே."

"மேல யாரு?"

"நான்தான் மாமா." பரணிலிருந்து பூனையின் குரல். "கீழ படுத்தா தூக்கம் புடிக்கல."

"எறங்குடா."

"ஊசியே அசையலயாம். நீங்க ஏன் ஆடுறீங்க?"

அவள் சிரிக்கிறாள். குழாய்க்காரரும் சிரிக்கிறார். லைட்டர் என் பக்கம் நீள்கிறது.

கதைக்கு இங்கே ஒரு முடிவு வேண்டும். ஒன்றில் தீ நீலமாகப் பிடிக்கிறது, ரொட்டி வேகிறது. இன்னொன்றை என் கை எழுதாது. வாசிக்கிற உங்களுக்கு அந்த ஊசிமேல் நம்பிக்கை இருந்தால் நீங்களே வந்து பற்ற வையுங்கள். அதற்கு முன்னால் அவனைக் கீழே இறக்குங்கள்.

ஊசி அசையவில்லையாம். அன்று என் மூக்குக்கும்தான் ஒன்றும் தெரியவில்லை.

செருப்பை மாட்டுகிறேன். "எங்க கெளம்பிட்டீங்க?" என்கிறாள். இந்த நோட்டை மாவு மேடையிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில்