அடைத்த வாசல்

முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. முப்பது வருஷம் சாரத்தில் ஏறி இறங்கிய கொத்தனாரை ஆபீஸ் மாடிப்படி கொன்றது. காலையிலிருந்து இது இரண்டாவது ஆபீஸ். மாநகராட்சி வரி பாக்கிக்காக நாளைக் காலை வீட்டுக்குச் சீல் வைக்கப்போவதாக ஆபீஸ் ஆள் சொல்லிவிட்டுப் போனதை, நேற்று முன்தெருக்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

முதலில் போன வடக்கு ஆபீஸில், விலாசத்தை மட்டும் கேட்டுவிட்டு, "உங்க வாசல் பின்தெருவுல. அது தெற்கு ஆபீஸ்" என்று துரத்திவிட்டார்கள்.

தெற்கு ஆபீஸ் அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எங்க லிஸ்ட்ல உங்க வீடே இல்லையே பெரியவரே."

"வாசல் உங்க பக்கம்தாம்மா. மூணு வருஷம் முன்ன மாத்தினேன்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரைக் கேக்கணும்? நானே கொத்தன்."

"கொத்தன்னா தெருவையே தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட வந்த மகளுக்குச் சுருக்கென்றது.

"அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு மேடம். முன்வாசல்ல ஆறு படி, சக்கர நாற்காலி இறங்காது. அதான் அப்பா பின்சுவரை இடிச்சு வாசல் வச்சு, சரிவு போட்டாரு. முன்வாசலைக் கட்டி அடைச்சு, அங்க அம்மாவுக்குக் கட்டில் போட்டோம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன மாசம் போய்ட்டாங்க."

அந்த அம்மாள் ஒரு தாளை இழுத்தார்.

"வாசல் மாத்தினதை நீங்க பதியவே இல்ல. பதியாத வரைக்கும் வடக்கு ஆபீஸ்தான். எழுதித் தரேன். மாட்டேன்னா எனக்குப் போன் போடச் சொல்லுங்க."

வடக்கு ஆபீஸ் குமாஸ்தா சீட்டைப் படித்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"மூணு தடவை நோட்டீஸ் ஒட்டினோமேய்யா, உங்க முன்வாசல்ல! கண்ணு தெரியலயா?"

அடைத்த சுவரில் தட்டித் தட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு உள்பக்கம்தான் மனைவியின் தலைமாடு. வாய் குழறக் குழற அவள் சொல்லத்தான் செய்தாள், யாரோ தட்டுறாங்க, போய்ப் பாருங்க என்று. எவனாவது பந்தடிப்பான், பேசாமப் படு என்று ஒவ்வொரு தடவையும் அதட்டினார். புத்தியும் போய்விட்டது அவளுக்கு என்று மகளிடம் சொல்லி அழுதும் இருந்தார்.

மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு நல்லாத்தான் காது கேட்டிருக்குப்பா."

கொண்டுவந்த பதினோராயிரத்தைக் கட்டினார்கள். ஒரு வருஷ வரிக்குச் சரியாகப் போயிற்று. சீல் ஒரு மாதம் தள்ளிப்போனது. மீதி இரண்டு வருஷ வரி, அபராதத்தோடு இருபத்து நாலாயிரத்து அறுநூறு, பாக்கி.