பூஜையில் உட்காரும் புத்தகம்

திண்டிவனத்து வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் எனக்கு சரஸ்வதி பூஜையன்றும் லீவு கிடையாது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அதனால் லேப்டாப்புக்குப் பதிலாக, காலேஜில் படித்த டேட்டாபேஸ் புத்தகத்துக்குத்தான் வருஷா வருஷம் சந்தனப் பொட்டு வைக்கிறேன்.

"அந்தக் காலத்து புக்கு. இத்த இன்னும் எவன் படிச்சிக்கினு இருக்கான்? பழைய பேப்பருக்குப் போட்டுடலாம் வெண்ணிலா," என்றார் என் கணவர் ஜெகதீசன்.

"பூஜை முடியட்டும்ங்க," என்றேன். வாதாடத் தெம்பில்லை.

மதியம் டேட்டாபேஸிலிருந்து எடுக்க வேண்டிய ஒரு ரிப்போர்ட் நகரவே மாட்டேன் என்றது. ஏஐயிடம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதிலை அடித்துச் சொன்னது, ஒன்றும் வேலைக்காகவில்லை. விஷயம் அந்தப் புத்தகத்தில் இருப்பது ஞாபகம் வந்து, பொரித் தட்டுக்குப் பின்னால் கை நீட்டினேன்.

"பூஜையில இருக்கிற புக்க தொடாத!" என்று கத்தினார், அதைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்ன அதே மனிதர்.

விஜயதசமி காலையில் புத்தகத்தை எடுத்ததும் நாலு வரியாவது படிப்பது எங்கள் வழக்கம். தகவலைச் சட்டென்று தேடி எடுக்க உதவும் இண்டெக்ஸ் பற்றிய பாடத்தைப் பிரித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே என் தப்பு தெரிந்தது. திருத்தினேன், ரிப்போர்ட் ஓடியது.

வாசலில் பழைய பேப்பர்காரர் கூப்பிட்டார். போன வருஷம் வாங்கி, அதற்குள் சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறி உதவாமல் போன புது டேட்டாபேஸ் கைடை ஜெகதீசனிடம் நீட்டினேன்.

"அப்ப அந்தப் பழசு?"

"இருக்கட்டும்ங்க. இந்த வீட்டுல பண்டிகைக்கு லீவு கிடைக்கிறது அதுக்கு மட்டும்தான்."