தலைகீழ் வௌவால்

பினாங்கில் பதினோரு வருடமாகத் தபால் கொடுக்கிறேன். மற்ற தபால்காரர்கள் கதவு எண்ணைப் பார்ப்பார்கள். நான் அண்ணாந்து மாடிச் சுவரைப் பார்ப்பேன். அதனாலேயே இரண்டு தடவை சாக்கடையில் விழுந்திருக்கிறேன். புத்தி வரவில்லை.

இந்தத் தெருக் கடைவீடுகளின் மாடிச் சுவரில் காற்றுக்காக வௌவால் வடிவத்தில் ஓட்டை விட்டிருப்பார்கள். சீனர்களுக்கு வௌவால் அதிர்ஷ்டம். ஜன்னலுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, தலை மேலே, சிறகு விரித்து. நாற்பத்தொன்றாம் எண்ணில் மட்டும் இடப்பக்கத்து வௌவால் தலைகீழாக, ஒரு முழம் கீழே தள்ளி இருக்கும். தினமும் தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும், "ஏன்டா, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பேன்.

கீழே பிஸ்கட் கடை வைத்திருக்கும் முதலாளி, தவுக்கே ஸ்வீ ஹோக்கிடமும் ஒருமுறை கேட்டேன்.

"கொத்தனார் சாராயம் குடிச்சிட்டு வச்சிருப்பான்லா. யானைக்கும் அடி சறுக்கும்னு உங்க ஆளுங்கதானே சொல்வீங்க?"

அந்த வீட்டில் இன்னொரு புதிரும் உண்டு. மாடியில் அவருடைய அக்கா கியோக் லியன் இருக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை, படி இறங்க முடியாது, பகலெல்லாம் நாற்காலிதான். ஆனால் நான் மணி அடிப்பதற்கு முன்பே, மாடித் தரையில் உள்ள சின்னக் கதவு வழியாகக் கயிற்றில் கூடை இறங்கி, கடை முன் நடைபாதையான அஞ்சடியில் எனக்காகக் காத்திருக்கும். ஜன்னலோ வெயிலுக்குச் சாத்தியே கிடக்கும். நான் வருவது எப்படித் தெரிகிறது?

சென்ற செவ்வாய்க்கிழமை கூடை இறங்கவில்லை. மணியை அழுத்தினேன். ஸ்வீ ஹோக் வந்தார். சட்டையெல்லாம் கஞ்சி.

"அக்காவுக்கு ஏர்கான் போடுறேன், தவமணி. குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு. குளிர் வெளிய போகக் கூடாதுன்னு ரெண்டு ஓட்டைக்கும் பலகை அடிச்சோம். வலது பக்கம் அடிச்சப்ப சும்மாதான் இருந்தாங்க. இடது பக்கம் அடிச்சதும் கஞ்சியை எடுத்து என் மேல வீசிட்டாங்க. மத்தியானம் சிமெண்டு பூச ஆள் வருது. நான் என்ன கெடுதல் செஞ்சேன், சொல்லு?"

அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் மேல வந்து பாக்கட்டுமா தவுக்கே?"

"உனக்குத்தான் எங்க வீட்டு வௌவால்னா பைத்தியமாச்சே. வா."

கியோக் லியன் இடக்கையால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். "எடுத்துடட்டுமா ஆன்ட்டி?" என்றேன். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இரண்டே ஆணி. பிடுங்கினேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கண் இருக்கும் உயரத்தில் என் கண்ணை வைத்தேன்.

விரிந்த சிறகு கீழே, கண்ணுக்கு நேராக இருந்தது. அதற்கடியில் சுவரை வெளிப்பக்கமாகச் சரித்துச் செதுக்கியிருந்தான் அந்தக் குடிகாரக் கொத்தனார். தெருமுனை முழுசாகத் தெரிந்தது. மீ நூடுல்ஸ் வண்டி, என் மோட்டார் சைக்கிள், நான் தினமும் நின்று வாயாடும் இடம். விளிம்பைத் தடவினேன், வழவழவென்றிருந்தது. இரண்டு வருடத்தில் கல் அப்படித் தேயாது. இவருக்கு வெகுகாலம் முன்பே, படி இறங்க முடியாத யாரோ ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்தத் தெருவில் எல்லாவற்றையும் கவனிப்பவள் நான் ஒருத்திதான் என்று கர்வப்பட்டிருந்தேன். நான் வௌவாலோடு பேசுவதை இவர் தினமும் பார்த்திருக்கிறார். திரும்பினேன். அவருடைய பாதி வாய் சிரித்தது.

"தவுக்கே, குனிஞ்சு பாருங்க."

ஸ்வீ ஹோக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்த வீட்டுலதான்லா பொறந்தேன், ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல," என்றார். படி இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வௌவாலின் சிறகுக்குள் அவர் தெரிந்தார். கொளுத்தும் வெயிலில் என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"அக்கா! தெரியுதா? நான் தெரியுறேனா?"

தெருவே திரும்பிப் பார்த்தது.

கியோக் லியன் தன் முகம் துடைக்கும் துண்டை மடியில் வைத்து, ஒரு கையாலேயே மடித்தார். அதைக் கூடையில் போட்டுக் கீழே இறக்கினார். தம்பியின் சட்டையில் இன்னும் கஞ்சி இருந்தது.