பாஸுக்குப் பிணை

...ஓம், பாஸ்தான், வேறென்ன, இந்த வாங்கில் இருக்கிற எல்லாரும் பாஸுக்குத்தான் வந்திருக்கிறோம், என் மகள் ஸ்ரெல்லாவுக்கு ஊரைவிட்டு வெளிக்கிட இயக்கம் தருகிற பாஸ், அவளுக்குப் பிணை நிற்க நான், அவள் திரும்பி வராவிட்டால் எனக்கு இனி ஒருநாளும் பாஸ் கிடையாது, அவள் வரமாட்டாள், கனடாவிலிருந்து தேவராசா, அவளின் புருசன், எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டான், இங்கே சொல்லப்போவது கொழும்பில் மச்சாளுக்குப் பிள்ளைப்பேறு, பார்த்துவிட்டு வந்துவிடுவாள் என்று... பக்கத்தில் கிறகோரியண்ணைக்கு வாய் ஓயாது, எங்களோடு குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த மனுசன், "லூர்த்தம்மா, பாஸ் வரிசையிலை நிக்கிறதுக்கும் உவங்கள் ஒரு பாஸ் கேப்பாங்கள், இருந்து பாரும்," என்கிறார், ஆட்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேனா? வாய் அசைந்தது. மருதனார்மடச் சந்தைச் சத்தம் மதிலுக்கு மேலால் வருகிறது, ஒருத்தி கத்தரிக்காய்க்குச் சண்டை பிடிக்கிறாள், அது வேறு யாருடைய காதிலோ கேட்பது போல இருக்கிறது எனக்கு.

எத்தனை பாஸ்... எனக்கு எல்லாம் குரலாகத்தான் ஞாபகம், முகங்கள் பிறகுதான் வரும். குருநகரில் வீட்டுக்குப் பின்னால் பந்தடிக்கிற பொடியள், "பாஸ் பண்ணடா, கண் தெரியாதோ, பாஸ் பண்ணடா!", பந்து தெரியாமல் இருட்டுமட்டும் அதே கூச்சல். சோதினை மறுமொழி வந்த அன்று ஸ்ரெல்லா வாசல் படலையிலேயே நின்று, "அம்மா, பாஸ்! கணக்கும் பாஸ்!" அதற்கு அவர், "கணக்குமோ? ஆரையெடி பாத்து எழுதினனி?" அன்று முழுக்க அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. அவர் என்றால் என் மனுசன், சந்தியோகு. பின்னேரங்களில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள், கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு செத்தவீட்டு முகத்தோடு "பாஸ்" என்பார், எதிரே கிறகோரியண்ணை, "உந்த மூஞ்சையை நம்பி நான் மோசம் போகமாட்டன்," என்பார், என்றாலும் மோசம் போவார். பிறகு கடலுக்குப் போகவும் பாஸ் வந்தது, நேவி முத்திரை குத்தின அட்டை, நனையாமல் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு... எண்பத்தாறில் அந்தப் பாஸோடுதான் போனார், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இப்போது சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டத்து ஓரக் கொட்டிலில் இருந்துகொண்டு ஸ்ரெல்லா கேட்கிறாள், "நீங்களும் வாங்கோவன் அம்மா, இஞ்சை ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறியள்?" நான் அடுப்பை ஊதினேன், வேறென்ன செய்ய.

கூப்பிட்டுவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்டவர், பதமான குரல், அம்மாதான் பிணையோ, ஓம், எப்படிப் போறா, கிளாலியாலை, வள்ளத்திலை... "எப்ப திரும்பி வருவா?" வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வள்ளம் ஏறுகிற ஆளுக்கு எப்ப வருவாய் என்று கேட்பதில்லை, அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்வதுமில்லை, சொன்னால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும் என்று மாமி சொல்லுவா, அவர் போன அன்றும் நான் கேட்கவில்லை, சாப்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அம்மா, உங்களைத்தான், எப்ப வருவா?" ஸ்ரெல்லா என்னைப் பார்க்கிறாள், முகத்தில் இரத்தம் இல்லை, அவள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டுவிட்டாள், அம்மா என்னை மறிக்கப்போறா என்று... மறிக்கிறேனா? இப்படியே பேசாமல் இருந்தால் காணும், அவள் இங்கேயே, என்னோடேயே... "நாள் சொல்லாட்டி நான் பாஸ் தரேலாது, அம்மா." பயம் இல்லை, ஆசையும் இல்லை, உள்ளே நனைந்த சாக்கு மாதிரி ஏதோ கிடக்கிறது, அவ்வளவுதான். "எங்கடை யாகப்பர் கோயில் திருநாளுக்கு முதல் வந்திடுவள்," என்றது ஒரு குரல், என் குரல்தான். கையெழுத்தும் வைத்தேன்.

வெளியே வந்ததும் ஸ்ரெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனம்மா உடனை சொல்லேல்லை? எனக்கு உயிர் போட்டுது," என்றாள், தொண்டை காஞ்சுபோச்சு பிள்ளை என்றேன், நம்பினாளோ தெரியாது, "பஸ் வரப்போகுது, கெதியா வாங்கோ," என்று முன்னால் நடக்கிறாள், பாஸை மார்போடு பிடித்தபடி. பிடரியில் வெயில், சுடுகிறது என்று தெரிகிறது, சுடவில்லை... அவரிடம் நாள் கேளாமல் விட்டேன், அதனால் அவருக்கு இன்னும் பிந்தவில்லை, சொன்ன நாள் ஒன்று இருந்தால்தானே பிந்துவதற்கு, இத்தனை வருசமும் அவர் வந்துகொண்டே இருக்கிறார். இவளுக்கு நானே ஒரு நாளைச் சொல்லிவிட்டேன், பொய் நாள், எனக்கே தெரிந்த பொய், என்றாலும் திருநாள் வரும், போகும், அடுத்த நாள் விடியும், அன்றைக்கு நான் படலையைப் பார்ப்பேனோ...